மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல்: விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேரள எல்லையில் அட்டப்பாடிப் பக்கம் அகளியிலோ ஆனைகட்டியிலோ ராத்திரி காய்ச்சல் அடித்தால் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுப் படுத்துக்கொள்வோம், காலையில் பார்க்கலாம் என்று. ஆபரேஷனில் எடுத்தோ நோயால் செயலிழந்தோ மண்ணீரல் இல்லாதவருக்கு அந்த ஒரு ராத்திரி பெரிது. நிமோகாக்கஸ் போன்ற உறை போர்த்திய கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டுவதில் மண்ணீரல்தான் முக்கியக் காவல். அது இல்லாவிட்டால், லேசான காய்ச்சலும் வாந்தியுமாகத் தொடங்குவது 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உயிரையே கொண்டுபோகலாம். 100.4 டிகிரியைத் தொட்டாலோ குளிர் நடுக்கம் கண்டாலோ அப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். அவசரத்துக்கென்று டாக்டர் முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் முதல் வேளையைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். மாத்திரைதான் போட்டாச்சே என்று வீட்டில் தங்கிவிடக் கூடாது.

வயிற்றில் தழும்பு இல்லையே, மண்ணீரல் இருக்கிறதே என்பது அடுத்த தவறு. அட்டப்பாடி, வயநாடு, கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) உண்டு. வளைந்த சிவப்பணுக்கள் அடைத்து அடைத்து மண்ணீரல் வேலையை விட்டுவிடும்; கைக்குத் தட்டுப்படும்படி வீங்கியிருந்தாலும் உள்ளே செயலற்றிருக்கலாம். இந்தக் குழந்தைகளுக்கு டாக்டர் எழுதும் பெனிசிலினை, பிள்ளை ஓடியாடுகிறதே என்று நிறுத்துவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. அமெரிக்காவில் 1986-ல் வெளியான ஆய்வில், தினம் இருவேளை அதைச் சாப்பிட்ட சிக்கிள் செல் குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்தது.

சின்ன வயதில் போட்ட தடுப்பூசி போதாது. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்ற மூன்று கிருமிகளுக்கும் ஊசிகள் வேண்டும். சிலவற்றை ஐந்து வருடம் கழித்துத் திரும்பப் போட வேண்டும், ஃப்ளூ ஊசி வருடாவருடம். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் இரண்டு வாரம் முன்பே போடுவது நல்லது. விபத்தில் அவசரமாக எடுத்திருந்தால் இரண்டு வாரம் கழித்துப் போடுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகி ஊர் திரும்பும் அவசரத்தில் விட்டுப்போவது இதுதான்.

நாய் கடித்தால் வெறிநாய் ஊசியோடு நிற்காதீர்கள். நாய் எச்சிலில் உள்ள ஒரு பாக்டீரியா இவர்களுக்கு ஆபத்தானது, ஆன்டிபயாட்டிக்கும் கேளுங்கள்.

ஆபரேஷன் நடந்தது கோயம்புத்தூரில், காய்ச்சலுக்கு ஓடுவது கோட்டத்தறைக்கோ மலைப்பாதை இறங்கி மண்ணார்க்காட்டுக்கோ, இரண்டும் கேரள ஊர்கள். பழைய சீட்டு வீட்டுப் பெட்டியில் இருக்கும். மண்ணீரல் இல்லை என்று எழுதிய ஒரு அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் மண்ணீரலுக்கு 'ப்லீஹ' என்று பெயர்; காஷுவாலிட்டியில் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, 'ப்லீஹ இல்லா'.