பழைய பாட்டு கேட்க இணைய வானொலி: செயலியை நம்பாதீர்கள், முகவரியைச் சேமியுங்கள்

முதலில் பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். செய்தி மட்டும்தான் வரும் என்று பெயரைப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டாம். ஆகாசவாணி நிலையங்களின் நேரலை இதற்குள்தான் இருக்கிறது. 1957 அக்டோபர் 3-ல் தொடங்கிய விவித் பாரதியைத் தேடி எடுங்கள். இந்தி தெரிந்தவர்களுக்குக் காலையில் ‘பூலே பிஸ்ரே கீத்’, இரவு 10 மணிக்கு ‘சாயா கீத்’. கச்சேரிப் பிரியர்களுக்கு 2016-ல் வந்த ‘ராகம்’ அலைவரிசை. ஒன்று மட்டும்: இணையத்தில் ஒலி அரை நிமிடம் வரை பின்தங்கி வரலாம், மணியோசையைக் கேட்டு கடிகாரத்தைத் திருத்தாதீர்கள்.

தமிழில் பழைய பாட்டு மட்டுமே போடும் சின்னச் சின்ன தனியார் நிலையங்களுக்கு வேறு வழி. அவற்றுக்கென்று கிடைக்கும் செயலிகளில் பல, பாட்டை விட விளம்பரத்தைத்தான் அதிகம் போடுகின்றன. அதனால் விஎல்சி என்ற இலவச பிளேயரே போதும் என்பது எங்கள் கட்சி. ‘ரேடியோ பிரவுசர்’ என்ற திறந்த பட்டியலுக்குப் போய், மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்து, ‘ஓல்டீஸ்’ என்று ஆங்கில எழுத்தில் தேடுங்கள். பிடித்த நிலையத்தின் ஸ்ட்ரீம் முகவரியை (ஒலி நேராக வரும் இணைப்பு) நகலெடுத்து, ஆண்ட்ராய்டு கைப்பேசி விஎல்சியில் ‘மோர்’, பிறகு ‘நியூ ஸ்ட்ரீம்’ போய் ஒட்டுங்கள். கணினியில் கன்ட்ரோல்+என். அதே முகவரியை நோட்ஸிலும் போட்டு வையுங்கள். நிலையங்கள் சர்வரை மாற்றும்போது முகவரியும் மாறும். அப்போது அதே பெயரில் திரும்பத் தேடினால் புதியது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஒட்டியும் பாடவில்லையா? முகவரி .பிஎல்எஸ் அல்லது .எம்3யு என்று முடிந்தால் அது பாட்டு அல்ல, முகவரிச் சீட்டு. நோட்பேடில் திறந்தால் உள்ளே அசல் முகவரி இருக்கும். பிரவுசரில் போட்டதும் ஒலிக்குப் பதில் நிலையத்தின் விவரப் பக்கம் திறந்தால் அது ஷவுட்காஸ்ட் என்ற வானொலி மென்பொருளில் ஓடும் பழைய சர்வர்; முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் அரைப்புள்ளியும் (/;) சேர்த்துப் பாருங்கள். வீட்டில் பாடி ஆபீஸ் வைஃபையில் பாடாவிட்டால், முகவரியில் வரும் 8000 போன்ற போர்ட்டை (இணைப்பு வாசல் எண்) அங்கே அடைத்திருப்பார்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள்.

டேட்டா கணக்கு: 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு வரும் தரவின் அளவு) நிலையம் மணிக்குச் சுமார் 29 எம்பி எடுக்கும், 128 என்றால் 58. நாளுக்கு 1.5 ஜிபி பேக்கில் தாராளமாகக் கேட்கலாம். 1950, 60-களின் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ (ஒற்றைத் தட) பதிவு என்பதால் 128-ஐத் துரத்த அவசியமில்லை. ஆனால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்: ஒலியைச் சுருக்கும் முறையும் முக்கியம். 48-ல் வரும் ஏஏசி பிளஸ், 64-ல் வரும் எம்பி3-ஐ விடத் தெளிவாகவே இருக்கும்.

பாட்டு விட்டு விட்டு வந்தால், கணினி விஎல்சியில் கன்ட்ரோல்+பி அழுத்தி, கீழே ‘ஆல்’ தேர்ந்து, ‘இன்புட் / கோடெக்ஸ்’ பகுதியில் ‘நெட்வொர்க் கேச்சிங்’ (முன்கூட்டியே சேமிக்கும் ஒலி, மில்லி விநாடியில்) 1000 என்றிருப்பதை 5000 ஆக்குங்கள். தொடங்க ஐந்து விநாடி ஆகும், குட்டித் தடங்கல்கள் தெரியாது. மெட்ரோ சுரங்கத்தில் சிக்னலே போய்விட்டால் இதுவும் உதவாது. கைப்பேசித் திரை அணைந்த சில நிமிடங்களில் பாட்டும் நின்றால் குற்றம் நெட்டில் இல்லை. ஆண்ட்ராய்டின் பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ கொடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்குப் பழைய டேப் ரெக்கார்டரிலேயே கேட்க வேண்டுமானால், சென்னை ரிச்சி தெருவில் 3.5 மிமீ ஆக்ஸ் கேபிள் வாங்குங்கள். செட்டில் சிவப்பு-வெள்ளை துளைகள் என்றால் ஆர்சிஏ முனை உள்ளது. புதிய கைப்பேசியில் ஹெட்போன் துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றியும் வேண்டும். ‘ஆக்ஸ்’ அல்லது ‘லைன் இன்’ துளையில் மட்டும் செருகுங்கள். ‘மைக்’ துளை மிக மெல்லிய சிக்னலுக்கானது, அதில் கொடுத்தால் குரல் கரகரக்கும். கைப்பேசி ஒலியை முக்கால் அளவில் நிறுத்தி, கூட்டுவதையும் குறைப்பதையும் செட்டில் செய்யுங்கள்.