இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: குறை பிறக்கும் இடத்தில் திருத்துவோம்

உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, குளிரவைத்துப் பாகமாக எடுப்பதுதான் இன்ஜெக்‌ஷன் மோல்டிங். சூட்டில் உருகும் பிளாஸ்டிக்கான தெர்மோபிளாஸ்டிக்கில் வார்த்த பாகம் ஒன்று மேற்பரப்பில் பள்ளத்தோடோ, கோணலாகவோ, முழுமை பெறாமலோ டை எனப்படும் அச்சிலிருந்து வெளியே வரும்போது, பெரும்பாலான தொழிற்கூடங்களில் முதலில் கை நீள்வது மெஷினின் கண்ட்ரோல் பேனலை நோக்கித்தான். பிரஷர் கூட்டப்படுகிறது, பிளாஸ்டிக்கை உருக்கும் குழலான பேரலின் சூடு ஏற்றப்படுகிறது, கூலிங் நேரம் சில நொடிகள் நீட்டப்படுகிறது. அன்றைய ஷிப்ட் எப்படியோ ஓடிவிடுகிறது. ஆனால் அந்தக் குறையின் வேர் பல நேரங்களில் வரைபடத்திலோ, டையிலோ, மூலப்பொருள் மூட்டையிலோ இருக்கிறது. அதை மெஷின் செட்டிங்கைக் கொண்டு மறைக்க முயன்றால், ஒரு குறை மறையும் இடத்தில் இன்னொன்று முளைக்கிறது.

வரைபடத்தில் நடக்கும் தவறுகளில் முதன்மையானது சுவர்த் தடிமன் சீராக இல்லாமல் போவது. பாகம் உறுதியாக இருக்க வேண்டும் என்று எண்ணித் தடிமனைக் கூட்டுவது இயல்பான ஆசைதான். உலோகத்தில் அது பலன் தரும். பிளாஸ்டிக்கில் தடிமனான பகுதி மெதுவாகக் குளிர்கிறது, மெதுவாகக் குளிர்வது அதிகமாகச் சுருங்குகிறது, அந்தச் சுருக்கம் மேற்பரப்பை உள்ளே இழுத்துப் பள்ளம் உண்டாக்குகிறது. மேற்பரப்பு முன்பே இறுகிவிட்டால் பள்ளத்துக்குப் பதிலாக உள்ளே வெற்றிடம் உருவாகிறது. அது வெளியே தெரியாததால் இன்னும் ஆபத்தானது. மெல்லிய பகுதியும் தடித்த பகுதியும் அடுத்தடுத்து இருந்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கிப் பாகத்தையே முறுக்கிவிடும். கூலிங் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால் செலவும் சேர்ந்தே ஏறுகிறது: 2 மி.மீ. சுவரை 3 மி.மீ. ஆக்கினால் கூலிங் நேரம் ஏறத்தாழ 2.25 மடங்காகிறது, 4 மி.மீ. ஆக்கினால் 4 மடங்காகிறது. லட்சக்கணக்கில் ஓடப்போகும் பாகத்துக்கு இது மெஷின் வாடகையிலும் மின்சாரத்திலும் நேராக வந்து விழும் தொகை.

உறுதி வேண்டுமானால் சுவரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு பின்புறம் ரிப் (விலா போன்ற மெல்லிய தாங்குசுவர்) கொடுப்பதுதான் முறை. அதிலும் ஒரு தவறு காத்திருக்கிறது. ரிப்பைச் சுவரின் அதே தடிமனில் வரைந்தால் இரண்டும் சேரும் இடத்தில் பொருள் குவிந்து, முன்புறத்தில் ரிப்பின் கோடு அப்படியே பள்ளமாகத் தெரியும். ரிப்பின் அடித்தடிமன் சுவர்த் தடிமனில் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; பளபளப்பான முகப்பு என்றால் இன்னும் குறைவாக வைப்பது நல்லது. ஸ்க்ரூ ஏறும் குழல் போன்ற பாஸ்களுக்கும் இதே கணக்குத்தான். உள்மூலைகளைக் கூர்மையாக விடுவதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கூர்மையான உள்மூலையில் தகைவு (ஸ்ட்ரெஸ்) குவிவதால், பாகம் பயன்பாட்டில் அந்த இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். சுவர்த் தடிமனில் பாதியளவு ரேடியஸ் கொடுத்தால் பெரும்பாலும் போதுமானது. செங்குத்துச் சுவர்களுக்கு டிராஃப்ட் இல்லாமல் வரைவதும் பரவலான பிழை. குறைந்தது 1 டிகிரி சாய்வு வேண்டும், டெக்ஸ்சர் (சொரசொரப்பு வேலைப்பாடு) உள்ள பரப்பாக இருந்தால் அதன் ஆழத்துக்கேற்ப இன்னும் கூடுதலாக வேண்டும். இல்லாவிட்டால் எஜெக்டர் பின்கள் பாகத்தைத் தள்ளும்போது வெளுத்த தழும்பும் சிராய்ப்பும் ஒவ்வொரு ஷாட்டிலும் வரும்.

டை வெட்டிய பிறகு மூலப்பொருளை மாற்றுவது செலவு மிகுந்த தவறு. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் பொதுவாக 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். பாலிபுரொப்பிலீன் 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். 200 மி.மீ. நீளமுள்ள பாகத்தில் 0.5 சதவீதம் என்பது 1 மி.மீ., 1.5 சதவீதம் என்பது 3 மி.மீ. ஏபிஎஸ்ஸுக்காக வெட்டிய டையில் விலை குறைவு என்று பாலிபுரொப்பிலீனை ஓட்டினால் இந்த 2 மி.மீ. வித்தியாசத்தை டை நிரம்பிய பிறகும் தொடர்ந்து கொடுக்கும் எந்த ஹோல்டிங் பிரஷராலும் நிரப்ப முடியாது.

டையைப் பொறுத்தவரை கேட்டின் (உருகிய பொருள் டைக்குள் நுழையும் வாயின்) இடம், காற்று வெளியேறும் வழி, கூலிங் ஆகிய மூன்றிலும் கவனக்குறைவு மிகுதி. கேட்டை மெல்லிய பகுதியில் வைத்தால், தடித்த பகுதி இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வழி உறைந்துவிடும். பிறகு அங்கே பொருளைச் செலுத்த முடியாது. அதனால் கேட் தடித்த பகுதியில் அமைந்து, ஓட்டம் மெல்லிய பகுதியை நோக்கிச் செல்ல வேண்டும். துளையைச் சுற்றிவரும் இரண்டு ஓட்டங்கள் மறுபுறம் சந்திக்கும் இடத்தில் வெல்டு லைன் உருவாகும். அது பலவீனமான இடம் என்பதால், பாகம் சுமை தாங்கும் இடத்தில் அது விழாதபடி கேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டையின் உட்குழியான கேவிட்டிக்குள் இருக்கும் காற்று வெளியேற வென்ட் என்ற நுண்ணிய வழி இல்லையென்றால், உருகிய பொருள் அதை ஒரு மூலையில் அழுத்திச் சூடேற்றிக் கருக்கிவிடும். ஓட்டத்தின் கடைசி முனையில் தெரியும் கரும்புள்ளியின் பொருள் இதுதான். வேகத்தைக் குறைத்து அதை மறைப்பவர்கள் பலர். வென்ட்டைச் சுத்தம் செய்தாலோ, ஏபிஎஸ், பாலிபுரொப்பிலீன் போன்றவற்றுக்கு 0.02 முதல் 0.03 மி.மீ. ஆழத்தில் புதிதாக வெட்டினாலோதான் தீர்வு நிலைக்கும். நைலான் மிக இளகி ஓடுவதால் அதற்கு இன்னும் ஆழம் குறைந்த வென்ட் போதும். இல்லாவிட்டால் வென்ட் வழியே பிசிறு வந்துவிடும்.

கூலிங் கால்வாய்களில் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரை அப்படியே ஓடவிடுவதால் படியும் உப்புப்படலம் வெப்பத்தைத் தடுக்கிறது. டை புதிதாக இருந்தபோது எடுத்த சைக்கிள் நேரம் (ஒரு முறை வார்த்து முடிக்க ஆகும் நேரம்) சில மாதங்களில் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் இடையே வெப்பநிலை வித்தியாசம் 2 அல்லது 3 டிகிரியைத் தாண்டினால் கால்வாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊரின் தட்பவெப்பத்தில் மிக அதிகச் சேதத்தை விளைவிக்கும் தவறு ஈரப்பதத்தை அலட்சியம் செய்வது என்பது என் உறுதியான கருத்து. பாலிபுரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஏபிஎஸ், நைலான், பாலிகார்பனேட், பெட் (PET என்ற பிளாஸ்டிக்) ஆகியவை உறிஞ்சும். ஏபிஎஸ்ஸில் ஈரம் இருந்தால் மேற்பரப்பில் வெள்ளிக்கோடுகள் தெரியும். அது பெரும்பாலும் தோற்றக் குறைதான். பாலிகார்பனேட்டிலும் பெட்டிலும் நடப்பது வேறு. உருகுநிலைச் சூட்டில் நீர் மூலக்கூறுகள் பாலிமர்ச் சங்கிலிகளையே வெட்டிவிடுகின்றன. கோடு எதுவும் தெரியாமல், கண்ணுக்கு நன்றாக இருக்கும் பாகம்கூடச் சில மாதங்களில் கையில் நொறுங்கும். மூலப்பொருள் குருணையின் மெல்ட் ஃப்ளோ இண்டெக்ஸையும் (உருகிய நிலையில் எவ்வளவு எளிதாக ஓடும் என்று காட்டும் எண்) வார்த்த பாகத்தின் இண்டெக்ஸையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தச் சிதைவு தெரிந்துவிடும். பாகத்தின் எண் கணிசமாக உயர்ந்திருந்தால் சங்கிலிகள் அறுந்திருக்கின்றன.

ஏபிஎஸ்ஸை 80 டிகிரியில் 2 முதல் 4 மணி நேரமும், பாலிகார்பனேட்டை 120 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரமும் உலர்த்துவது வழக்கம். பாலிகார்பனேட்டில் ஈரம் 0.02 சதவீதத்துக்கும், பெட்டில் 0.005 சதவீதத்துக்கும் கீழே இறங்க வேண்டும். இங்கேதான் சாதாரண ஹாப்பர் டிரையரின் எல்லை தெரிகிறது. அது வெளிக்காற்றைச் சூடாக்கி அனுப்புகிறதே தவிர, அதிலுள்ள ஈரத்தை நீக்குவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் காற்றை 120 டிகிரிக்குச் சூடாக்கினாலும் அதன் ஈரம் அதனுடனேயே இருக்கும். இத்தகைய பொருள்களுக்குப் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 30 முதல் மைனஸ் 40 டிகிரி வரை தரும், காற்றின் ஈரத்தை நீக்கும் டிஹியூமிடிஃபையிங் டிரையர் தேவை. உலர்த்திய பொருளைத் திறந்த டிரம்மில் மெஷின் பக்கத்தில் வைத்திருந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

மெஷினில் டையை மூடிப் பிடிக்கும் விசையான கிளாம்ப் டன்னேஜைத் தேவைக்கு மேல் வைப்பதைப் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். 150 மி.மீ.க்கு 200 மி.மீ. அளவுள்ள மூடியின் வீழ்பரப்பு (டை திறக்கும் திசையிலிருந்து தெரியும் பரப்பு) 300 சதுர செ.மீ.; கேவிட்டி அழுத்தத்தைச் சதுர செ.மீ.க்கு 0.4 டன் என்று கொண்டால் 120 டன் வேண்டும், அதோடு சிறிது கூடுதல் போதும். அதே டையை 250 டன்னில் நெருக்கினால் வென்ட்கள் நசுங்கி, மேலே சொன்ன கருகல் திரும்பி வருவதோடு டையின் இரு பாதிகள் சேரும் பார்ட்டிங் லைனும் தேயும்.

ஹோல்டிங் நேரத்தை ஊகத்தில் வைப்பது மற்றொன்று. நேரத்தை ஒவ்வொரு நொடியாகக் கூட்டி, கேட்வரை பொருள் வரும் வழியில் உறைந்த ரன்னரை நீக்கிவிட்டுப் பாகத்தை மட்டும் எடை பார்த்தால், ஒரு கட்டத்தில் எடை உயர்வது நின்றுவிடும். கேட் உறைந்த நேரம் அதுதான். அதற்குக் குறைவாக வைத்தால் கேட் வழியே பொருள் திரும்பி வந்து பள்ளம் விழும். கூடுதலாக வைத்தால் நேரம்தான் வீண். சைக்கிளைக் குறைக்க வேண்டும் என்பதற்காகப் பாலிகார்பனேட் டைக்குச் சில்லர் நீரை விடுவதும் பரவலாக இருக்கிறது. அதற்கு 80 முதல் 120 டிகிரி டைச் சூடு தேவை. குளிர்ந்த டையில் உள்தகைவு பாகத்துக்குள் பூட்டப்பட்டு, பின்னால் ஸ்க்ரூ முறுக்கும்போதோ எண்ணெயோ கரைப்பானோ படும்போதோ விரிசலாக வெளிப்படும்.

எல்லாவற்றையும்விடக் கடுமையாக எச்சரிக்க வேண்டிய தவறு ஒன்று உண்டு. பிவிசியும் அசிடால் என்ற பிளாஸ்டிக்கும் ஒரே பேரலில் ஒருபோதும் கலக்கக் கூடாது. பிவிசி சிதைந்து வெளிவிடும் ஹைட்ரஜன் குளோரைடு அசிடாலை வேகமாகச் சிதைக்கும். அப்போது உருவாகும் ஃபார்மால்டிஹைடு வாயு பேரலுக்குள் அழுத்தத்தை ஏற்றி, உருகிய பொருளைப் பேரலின் முனையான நாசில் வழியே வெடித்து வெளியேறச் செய்யும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பாலிஎத்திலீன் போன்ற பொருளால் பேரலை முழுமையாகக் கழுவ வேண்டும். ரீகிரைண்ட் (அரைத்து மறுபடி பயன்படுத்தும் பிளாஸ்டிக்) மூட்டைகளில் பெயரும் நிறமும் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். கழுவியது போதுமா என்ற ஐயம் இருந்தால் பேரலுக்குள் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகே அடுத்த பொருளை ஏற்ற வேண்டும்.

கடைசியாக, பாகத்தை டையிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்து தேர்ச்சி கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். அசிடால், பாலிபுரொப்பிலீன் போன்ற படிகத்தன்மை கொண்ட பொருள்கள் வெளியே வந்த பிறகும் சுருங்கிக்கொண்டே இருக்கும்; குறைந்தது 24 மணி நேரம் கழித்து, வெப்பநிலை சீரான அறையில் அளக்க வேண்டும். நைலான் பாகம் எதிர்த்திசையில் நடந்துகொள்ளும்; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சற்றுப் பருத்து, முதலில் இருந்த நொறுங்கும் தன்மையும் குறைந்துவிடும். ஆகவே நைலான் கிளிப் ஒன்றை வார்த்த உடனே வளைத்துப் பார்த்து உடைகிறது என்று நிராகரிப்பதற்கு முன், அது பயன்பாட்டில் எவ்வளவு ஈரத்தோடு இருக்கும் என்பதை வாடிக்கையாளரோடு பேசி, அந்த நிலைக்குப் பதப்படுத்திய மாதிரியைச் சோதிக்க வேண்டும்.