முதலாம் எட்வர்டின் வெள்ளிப் பென்னியை இனங்காண்பது எப்படி?

1272 முதல் 1307 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எட்வர்டின் வெள்ளிப் பென்னி, இடைக்கால ஐரோப்பிய நாணயங்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு மிகவும் ஏற்றது. அது ஏராளமாக அச்சடிக்கப்பட்டதால் இன்றும் எளிதில் கிடைக்கிறது. 1831-இல் டட்பரி என்னும் ஊரில் டவ் ஆற்றின் படுகையிலிருந்து அள்ளப்பட்ட பெரும் புதையலில் எட்வர்டுகளின் பென்னிகளே மிகுந்திருந்தன. ஆனால் இந்த அரசருக்குப் பின் வந்த மகனும் பேரனும் எட்வர்டு என்ற பெயரையே கொண்டிருந்தனர். மூவரின் நாணயத்திலும் ஏறத்தாழ ஒரே முகமே இருக்கிறது. அந்த முகம் எவருடைய உண்மைச் சாயலும் அன்று. ஆகவே முகத்தை நம்பாமல் எழுத்துகளைப் படிக்கப் பழகுவதே இந்த விளக்கத்தின் நோக்கம்.

முதல் படி: கையாளுதல்

நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். கீழே மெத்தென்ற துணியை விரித்துக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் தேய்த்துத் துலக்காதீர்கள். இந்த வெள்ளித் தகடு மிக மெல்லியது. தேய்த்தால் அழுக்கோடு எழுத்தின் கூர்மையும் போய்விடும். பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்றும், ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசும் போதும். விளக்கை நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால், தேய்ந்த எழுத்துகளும் நிழலால் எழுந்து தெரியும்.

இரண்டாம் படி: எடையும் ஓரமும்

இந்தப் பென்னியின் குறுக்களவு ஏறக்குறைய 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். 1279-இல் தொடங்கிய புதிய நாணய வெளியீட்டில், கோபுர பவுண்டு எனப்பட்ட சுமார் 350 கிராம் எடையுள்ள வெள்ளியிலிருந்து 243 பென்னிகள் அடிக்கப்பட்டன. எனவே ஒன்றின் எடை சுமார் 1.44 கிராம். அதில் 92.5 விழுக்காடு வெள்ளி. உங்கள் நாணயம் இதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக நின்றால், ஓரத்தைச் சுற்றிலும் பாருங்கள். எழுத்துகளின் தலைப்பகுதி அறுபட்டிருந்தால், யாரோ வெள்ளியை நறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

அந்த நறுக்கல்தான் இந்த நாணயம் பிறந்ததற்கே காரணம். எட்வர்டு அரியணை ஏறியபோது அவருடைய தந்தை மூன்றாம் ஹென்றியின் பெயரிலேயே பென்னிகள் தொடர்ந்து அடிக்கப்பட்டன. அவற்றில் பல, ஓரம் நறுக்கப்பட்டு எடை குன்றிப் புழங்கின. 1278-இன் இறுதியில் நாடெங்கும் கைது நடவடிக்கை தொடங்கியது. பொற்கொல்லர்களான கிறித்தவர்களும் குற்றம் சாட்டப்பட்டனர் என்றாலும், பெரும் கொடுமைக்கு ஆளானவர்கள் யூதர்களே. அவர்களில் 200க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். 1290-இல் எட்வர்டு யூதர்கள் அனைவரையும் நாட்டைவிட்டே வெளியேற்றினார். நேர்த்தியான இந்தச் சிறு வெள்ளிக் காசைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் இந்த வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாம் படி: முன்பக்க வாசகம்

முடிசூடிய முகம் நேராக நோக்கும் பக்கமே முன்பக்கம். கிரீடத்துக்கு மேலே உள்ள சிறு சிலுவைக் குறியிலிருந்து வாசகம் தொடங்கி, கடிகார முள் செல்லும் திசையில் சுற்றி வரும். அங்கே இ, டி, டபிள்யூ என்னும் மூன்று எழுத்துகளும், அடுத்து ஆர் என்ற எழுத்தும் இருக்கும். அதன்பின் சுருக்கிய இலத்தீனில் வரும் சொற்களையும் சேர்த்தால், “எட்வர்டு, இங்கிலாந்தின் அரசர், அயர்லாந்தின் தலைவர்” என்பது பொருள். எழுத்துகளின் வடிவம் முதலில் குழப்பும். இ என்பது வளைந்து பிறைபோல இருக்கும்; ஏ என்பதன் நடுக்கோடு பெரும்பாலும் இருக்காது; ஹெச் சிற்றெழுத்தின் வடிவத்தில் நிற்கும்.

முகத்தைச் சுற்றி ஒரு முக்கோணம் இருந்தால், அது எட்வர்டு அயர்லாந்துக்காக வெளியிட்ட பென்னி. முகம் பக்கவாட்டில் திரும்பி முன்னே செங்கோல் இருந்தால், அது ஸ்காட்லாந்து நாணயம்.

நான்காம் படி: பின்பக்கமும் ஊரும்

பின்பக்கத்தில் ஓரம் வரை நீளும் ஒரு சிலுவையும், அதன் நான்கு மூலைகளிலும் மும்மூன்று புள்ளிகளும் காணப்படும். ஹென்றியின் சிலுவையில் ஒவ்வொரு கரமும் இரட்டைக் கோடாக இருக்கும். எட்வர்டின் சிலுவையில் ஒற்றைத் தடித்த கோடாக இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டாலேயே தந்தையின் நாணயத்தை ஒதுக்கிவிடலாம். முன்பெல்லாம் அரைப் பென்னி வேண்டுமென்றால் சிலுவைக் கோட்டின் வழியே நாணயத்தை வெட்டிக்கொள்வார்கள். எட்வர்டு அரைப் பென்னியையும் கால் பென்னியையும் தனி வட்டக் காசுகளாகவே வெளியிட்டு, அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டினார்.

சிலுவைக் கரங்கள் வாசகத்தை நான்காகப் பிரிக்கும். இலண்டன் நாணயத்தில் முதல் இரு பகுதிகள் சேர்ந்து “சிவிடாஸ்”, அதாவது நகரம், என்ற சொல்லாகும். அடுத்த இரண்டும் “லோன்”, “டோன்” என்று நிற்கும். காண்டர்பரியில் அவை “கான்”, “டோர்” என அமையும். பிரிஸ்டல், பெரிக் போன்ற ஊர்களில் “வில்லா” என்ற சொல் முன்னால் வரும். முந்தைய ஆட்சிகளில் இங்கே காசடித்தவரின் பெயரும் இருந்தது. 1279-இல் அது நீக்கப்பட்டது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மட்டும் விதிவிலக்காக ராபர்ட் டி ஹேட்லி என்பவரின் பெயரைச் சில காலம் தாங்கியது. அப்படியொன்று கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஊர்ப்பெயர் காலத்தையும் சொல்லும். பெரிக் நகரை எட்வர்டு 1296-இல் கைப்பற்றினார். ஆகவே அங்கு அடிக்கப்பட்ட அவருடைய நாணயம் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. எக்ஸிடர், ஹல் ஆகிய ஊர்களின் பென்னிகள் 1300-ஐ ஒட்டிய குறுகிய காலத்துக்கு உரியவை.

ஐந்தாம் படி: எந்த எட்வர்டு?

பெயரில் மூன்றே எழுத்துகள் இருந்தால், பெரும்பாலும் முதலாம் எட்வர்டு. நான்கு, ஐந்து எழுத்துகள் என நீண்டால், மகன் இரண்டாம் எட்வர்டாக இருக்கக்கூடும். ஆயினும் தந்தையின் கடைசி ஆண்டுகளிலேயே நீண்ட வடிவங்கள் புகுந்துவிட்டதால், இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பேரன் மூன்றாம் எட்வர்டு 1344-இல் தொடங்கிய வெளியீட்டிலும் குறுகிய வடிவம் மீண்டும் வருகிறது. அந்தப் பென்னிகளின் எடை சுமார் 1.3 கிராம்தான், முகம் பெரிது, கேசம் அடர்ந்தது. இதன்பின் மார்பில் விண்மீனோ ரோசாவோ உண்டா, கிரீடத்தின் இதழ்கள் எப்படி விரிகின்றன, எழுத்துகளின் ஓரங்கள் எப்படி முடிகின்றன என்று பார்த்தால் உட்பிரிவு தெரியும். ஃபாக்ஸ் சகோதரர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த எண்முறையே இதற்கு இன்றும் அடிப்படை.

ஆறாம் படி: போலிகளைப் பிரித்தல்

இப்பென்னியின் நம்பகத்தன்மையைக் கண்டு, இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளின் சிற்றரசர்கள் இதேபோன்ற காசுகளை அடித்தனர். கிரீடம் இன்றி வெறுந்தலையோடு இருப்பவை “பொல்லார்டு” என்றும், ரோசா மாலை சூடியவை “குரோக்கார்டு” என்றும் அழைக்கப்பட்டன. எட்வர்டு 1299-இன் இறுதியில் அவற்றின் மதிப்பைப் பாதியாக்கி, 1300-இல் முற்றாகத் தடை செய்தார். மேலே சொன்ன எக்ஸிடர், ஹல் நாணயச்சாலைகள் இயங்கியது இந்த அயல் காசுகளை உருக்கிப் புதிதாக அடிப்பதற்காகத்தான். எனவே கிரீடம் இல்லாத தலையைக் கண்டால் ஏமாற்றம் கொள்ள வேண்டாம். அதுவும் அதே காலத்து மெய்யான நாணயமே, வெளியிட்டவர்தான் வேறு. இக்காலத்து வார்ப்புப் போலிகளை விளிம்பில் ஓடும் இணைப்புக் கோட்டாலும், மேற்பரப்பில் தெரியும் நுண்குழிகளாலும் அறியலாம்.

எல்லாம் முடிந்ததும், எடை, குறுக்களவு, முன்பக்க எழுத்துகள், பின்பக்க ஊர், வாங்கிய இடம் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி நாணயத்துடன் வையுங்கள். படிக்க முடியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல், அந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் இடுங்கள்.