பிடிச்ச ஆல்பத்தைப் பத்தி "சூப்பர்"னு சொல்றதோட நிக்காம பேசுறது எப்படி? கிருஷ்ண கானத்தை வச்சு பழகலாம்

பாட்டைப் பிரிச்சு மேயுறது எங்க ஊர்ப்பக்கம் புதுசு இல்ல. காரைக்குடில 1939ல இருந்து கம்பன் விழா இருக்கு, ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கிட்டு ஒருத்தர் பாட்டுக்கு பேசிக்கிட்டே இருப்பாரு, நாங்கெல்லாம் அதைக் கேட்டு வளந்தவங்கதான், ஆனா பிடிச்ச ஆல்பத்தைப் பத்தி பேசுன்னா மட்டும் "செம்மயா இருக்கும்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடுறோம்.

நான் எடுத்துக்கிட்டது கிருஷ்ண கானம். எம்.எஸ்.வி மியூசிக், பாட்டெல்லாம் கண்ணதாசன், அவரு பக்கத்துல சிறுகூடல்பட்டிக்காரரு. சினிமா ஆல்பம் இல்லங்கறது ஆரம்பிக்கிறவங்களுக்கு ரொம்ப நல்லது, ஏன்னா ஹீரோ, சிச்சுவேஷன்னு வேற எதையும் இழுக்க வேண்டாம், வரி மட்டும்தான் நம்ம முன்னாடி இருக்கும்.

ஸ்டெப் 1: வரியைக் கையால எழுதுங்க

நெட்ல இருந்து காப்பி பண்ணாதீங்க, அதுல பாதி இடத்துல தப்பா இருக்கும். காதால கேட்டு, நிறுத்தி நிறுத்தி ஒரு நோட்டுல எழுதுங்க. எழுதும்போதுதான் எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருதுன்னு கை சொல்லும்.

ஸ்டெப் 2: யாரு, யார்கிட்ட பேசுறாங்க?

ஒவ்வொரு பாட்டு பக்கத்துலயும் இதைக் குறிச்சு வைங்க. டி.எம்.எஸ் பாடுன "புல்லாங்குழல் கொடுத்த மூங்கில்களே"ல கூப்பிடுறது மூங்கிலை, அப்புறம் தோட்டத்தை, மேகத்தை. கண்ணன்கிட்ட நேரா பேசல, அவன் புகழை நீங்க பாடுங்கன்னு மத்ததைக் கேக்குறாரு. இந்த ஒரு விஷயத்தை வச்சே அஞ்சு நிமிஷம் பேசலாம்.

ஸ்டெப் 3: திரும்ப வர்ற வரி எங்க மாறுது?

இதுதான் முக்கியமான ஸ்டெப், இதுல நிதானமா இருங்க.

இதுக்கு மட்டும் ஆல்பத்துக்கு வெளிய போய், கண்ணதாசனே எழுதி "வானம்பாடி" படத்துல பி. சுசீலா பாடுன "கங்கைக்கரைத் தோட்டம்" எடுத்துக்கோங்க. அதுல "கண்ணீர் பெருகியதே"ன்னு ரெண்டு இடத்துல வரும். முதல் தடவை அவ கண்ணனைப் பாத்து சிலையா நின்னு, தன்னையே மறந்து அழுவுறா. அடுத்த தடவை கண்ணைத் திறந்து பாக்குறா, அங்க கண்ணன் இல்ல, அப்பவும் அதே ரெண்டு வார்த்தைதான். ஒரு எழுத்து கூட மாறல, அழுகை மட்டும் வேற ஆயிடுச்சு. இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு நான் பாட்டை நிறுத்திட்டு முகப்புல ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

நம்ம ஆல்பத்துல எஸ்.பி.பி பாடுன "ஆயர்பாடி மாளிகையில்" இதுக்கு நேர் எதிர். தாலேலோ, ஆராரோன்னு தாலாட்டா போயிட்டே இருக்கும், கடைசில அது "வாரீரோ"ன்னு மாறிடும். இவன் தூங்கிட்டா உலகமே தூங்கிடும், எழுப்ப வாங்கன்னு அம்மாக்களைக் கூப்பிடுது பாட்டு. தூங்க வைக்க ஆரம்பிச்ச தாலாட்டு எழுப்பச் சொல்லி முடியுது! எத்தனை வருஷமா கேட்டிருப்போம், கவனிச்சோமா?

ஸ்டெப் 4: பழசோட வச்சுப் பாருங்க

கண்ணனுக்குத் தாலேலோ பாடுறதை பெரியாழ்வார் எப்பவோ செஞ்சுட்டாரு. பிள்ளை வாய்க்குள்ள ஏழு உலகத்தையும் யசோதை பாத்ததும் அவர் பாட்டுலயே இருக்கு. அப்ப கண்ணதாசன் புதுசா என்ன பண்ணினாரு? மண்ணைத் தின்னு உலகத்தைக் காட்டினவன் அந்த அலுப்புல ஓய்வெடுத்துத் தூங்குறான்னாரு. அந்த அலுப்பு எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், அவ்வளவு பெரிய சாமி ஓடி ஆடி களைச்சுப் போன நம்ம வீட்டுப் புள்ளை மாதிரி ஆயிடுறான்.

ஸ்டெப் 5: ஒத்து வராததையும் சொல்லுங்க

பிடிச்ச ஆல்பம்ங்கறதுக்காக எல்லாத்துக்கும் தலையாட்ட வேண்டாம். அந்தத் தாலாட்டோட கடைசில "போதை முத்தம்"னு வரும். எங்க அப்பத்தா வளவுல கீரை ஆஞ்சுக்கிட்டே கேட்டுட்டு, "ஏம்ப்பா, தொட்டில்ல கெடக்குற புள்ளைக்கு இந்தப் பேச்சு எதுக்கு?"ன்னாங்க. நான் விடல, அது அம்மாவுக்கு சொன்னது இல்ல அப்பத்தா, கோபியரைக் கூப்பிடுற இடம்னேன். "அப்ப பாடுறது யாரு, ஆத்தாளா இல்ல வேற ஆளா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க பாருங்க, நான் யோசிச்சேன். பாடுற குரல் எங்க மாறுதுன்னு பாட்டுல தெளிவா இல்லதான். அவங்க சொன்னதுல நியாயம் இருக்குன்னு இப்பவும் நினைக்கிறேன். உங்க வீட்டுல இப்படி யாராவது எதிர்த்துக் கேட்டா அதையும் நோட்டுல எழுதிக்கோங்க.

ஸ்டெப் 6: கவிஞர் வாழ்க்கையைக் கடைசியாக் கொண்டு வாங்க

இளமைல நாத்திகம் பேசினவரு, பின்னாடி அர்த்தமுள்ள இந்துமதம் எழுதினவரு, இது எல்லாருக்கும் தெரியும். இதை முதல்லயே எடுத்தா எல்லா வரிக்கும் "மனசு மாறிட்டாரு"ன்னு ஒரே பதிலை ஒட்டிடுவோம், வரியைப் பாக்கவே மாட்டோம்.

இப்ப நீங்க ஒரு பாட்டு எடுங்க, நோட்டுல எழுதுங்க, திரும்ப வர்ற வரிக்கு அடில கோடு போடுங்க. கமெண்ட்ல அந்த ஒரு வரியை மட்டும் போட்டு, அது எங்க மாறுதுன்னு சொல்லுங்க, நான் உக்காந்து படிக்கிறேன்.