அவரை விதையை ஒரே கொடியில் எடுக்காதீர்கள்

கடலூர், பாகூர் பக்கம் ஆடியில் போட்ட நாட்டு அவரை தையில் காய்த்துத் தள்ளும். விதைக்கு விடும்போது, நன்றாகக் காய்த்த கொடியோடு நிற்காமல் பத்து, இருபது கொடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால், ஒரு கொடியின் விதை ஏறக்குறைய ஒரே குணம்தான். முந்திக் காய்த்தது, அசுவினிப் பூச்சி அப்பாதது, மழைநீர் தேங்கியும் அழுகாதது, எல்லாம் கலந்திருக்கட்டும். சுமாராகக் காய்த்ததும் வேண்டும்!

நெற்று கொடியிலேயே காயட்டும். விதையைக் கடித்தால் பல் பதியக் கூடாது. அப்புறம் சலித்த சாம்பலில் புரட்டி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், வண்டு அண்டாது.

ஒரு பிடியை வேறு ஊர்ச் சொந்தக்காரரிடமும் கொடுத்து வையுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையேறியது; அப்படி ஒன்றில் உங்கள் விதை போனாலும் அவரிடம் மிஞ்சும்.