வித்த பைக் இன்னும் உங்க பேர்லயா ஓடுது? விக்கிறவங்க செய்ய வேண்டியது

பழைய பைக்க விக்கிறப்ப ஐநூறு ஆயிரத்துக்கு அரை மணி நேரம் பேரம் பேசுறோம், ஆனா பேர் மாத்துற விஷயத்துல ஃபார்ம் 29லயும் 30லயும் வெறும் கையெழுத்த மட்டும் போட்டு "நீங்களே மாத்திக்குங்க"ன்னு குடுத்துட்டு வந்துடுறோம். வாங்கினவரும் மாத்த மாட்டாரு, ஆறு மாசம் ஓட்டிட்டு அதே ஃபார்மோட இன்னொருத்தருக்கு தள்ளி விட்டுடுவாரு.

இதுல என்ன ஆபத்துன்னா, மோட்டார் வாகனச் சட்டப்படி ஓனர்னா பொதுவா ஆர்சில பேர் இருக்கிறவர்தான், காசு வாங்கியாச்சுங்கறதெல்லாம் செல்லாது. 2018ல சுப்ரீம் கோர்ட்டுக்கு இதே மாதிரி ஒரு கேஸ் போச்சு. ஒரு கார் கை மாறி கை மாறி போயி ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, இன்சூரன்ஸும் இல்ல. ஹைகோர்ட் கடைசியா வாங்கினவர் மேல பொறுப்ப வச்சது, சுப்ரீம் கோர்ட் அத மாத்தி ஆர்சில பேர் இருக்கிற பழைய ஓனர்தான் குடுக்கணும்னு சொல்லிடுச்சு. அடிபட்டவங்க குடும்பம் யார் யாருக்கு வித்தாங்கன்னு ஊர் ஊரா தேடிக்கிட்டு அலைய முடியாதுல்ல, அந்த நியாயம் சரிதான், ஆனா மாட்டுறது நாம.

இன்சூரன்ஸ் உயிரோட இருந்தா பெரும்பாலும் கம்பெனி குடுத்துடும். சிக்கல் எங்கன்னா, வண்டிதான் வித்தாச்சேன்னு நீங்க ரின்யூ பண்ண மாட்டீங்க, வாங்கினவரும் விட்டுடுவாரு. 2022ல வச்ச ரேட்டுப்படி 75 சிசிக்கு மேல 150 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு தேர்ட் பார்ட்டி (அடுத்தவங்களுக்கு ஆகுற பாதிப்புக்கான) இன்சூரன்ஸ் பிரீமியம் வருஷத்துக்கு 714 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அது இல்லாம ஒரு உயிர் போச்சுன்னா நஷ்ட ஈட்டுக்கு மேல் வரம்பே கிடையாது, செத்தவரோட வருமானம், வயசு, குடும்பத்த வச்சு கணக்கு போடுவாங்க, சுலபமா லட்சக்கணக்குல போகும்.

சரி, எப்படி விக்கிறது. ஃபார்ம் 29 நீங்க ஆர்டிஓவுக்கு "வித்துட்டேன்"னு சொல்றது, 30 ரெண்டு பேரும் சேர்ந்து பேர் மாத்த கேக்கறது. வாங்குறவர் பேர், அட்ரஸ், தேதி எல்லாம் நிரப்பின பிறகு கையெழுத்து போடுங்க, வெத்து ஃபார்ம்ல போடவே போடாதீங்க. வித்த 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும்கறது சட்டம். அவர் பாத்துக்குவாருன்னு விடாம மாத்துற ஃபீஸையும் விலையோட சேத்து வாங்கிக்கிட்டு பரிவாஹன்ங்கிற அரசாங்க சைட்ல நீங்களே அப்ளை பண்றதுதான் என் கணக்குல நல்ல வழி, கொஞ்சம் அலைச்சல்தான் ஆனா ராத்திரி தூக்கம் வரும். லோன் வண்டின்னா முதல்ல பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35ம் வச்சு லோன் பதிவ எடுத்துடணும், வேற ஸ்டேட்டுக்கு போற வண்டின்னா ஃபார்ம் 28 என்ஓசி வேணும்.

வண்டிய வாங்கிக்கிட்டேன்னு வாங்குறவர் கையெழுத்து போட்ட டெலிவரி நோட் கட்டாயம் எழுதி வாங்குங்க, தேதியோட மணியும் நிமிஷமும் போடுங்க, வாங்குறவர் ஐடி ஜெராக்ஸ், லைசென்ஸ் ஜெராக்ஸ், வண்டியோட ஒரு ஃபோட்டோ. இது நஷ்ட ஈட்டுலேருந்து உங்கள முழுசா காப்பாத்தாது, அத தெரிஞ்சுக்குங்க. ஆனா அன்னிக்கு வண்டி உங்க கைல இல்லன்னு போலீஸ்ல காட்டவும், பின்னாடி கட்டின காச வாங்கினவர் கிட்டேருந்து வசூல் பண்ண கேஸ் போடவும் இதுதான் ஆதாரம்.

பழைய வண்டி வாங்கி விக்கிற கன்சல்டிங் கடைல விடுறீங்களா? 2023 ஏப்ரல்லேருந்து பழைய வண்டி வியாபாரிங்க ஆர்டிஓ கிட்ட அனுமதி வாங்கணும். அப்படி வாங்கின டீலர் கிட்ட விட்டு ஃபார்ம் 29சி ஆன்லைன்ல போட்டா அதுக்கப்புறம் பொறுப்பு அவரோடது. அனுமதி பேப்பர காட்ட சொல்லுங்க, இழுத்தடிச்சா வேற கடை பாருங்க.

கடை வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கடை வேலையா பையன் உங்க வண்டிய எடுத்துட்டு போயி மோதினா முதலாளியும் கேஸ்ல இருப்பாரு. லைசென்ஸ் இல்லாதவர் கிட்ட குடுத்தா ஓனருக்கே 5,000 ரூபா ஃபைன் வரும், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவங்களுக்கு கட்டிட்டு உங்க கிட்ட திருப்பி கேக்கவும் வழி இருக்கு. 18 வயசு ஆகாத பையன்னா இன்னும் மோசம், 25,000 ஃபைன், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு வருஷத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கேன்சல்.

ஏற்கனவே வித்து வருஷக்கணக்காச்சா? எம்பரிவாஹன் ஆப்ல பழைய நம்பர போட்டு ஓனர் பேரோட முதல் எழுத்தும் இன்சூரன்ஸ் தேதியும் பாருங்க. இன்னும் உங்களோடதுன்னா வாங்கினவர புடிச்சு மாத்த வைங்க, ஆள் கிடைக்கலன்னா டெலிவரி நோட் காப்பியோட ஆர்டிஓவுக்கு ரிஜிஸ்டர் தபால்ல எழுதி அக்னாலெட்ஜ்மென்ட பத்திரமா வைங்க. எம்சிஓபி, அதாவது ஆக்சிடென்ட் நஷ்ட ஈடு கேஸ், நோட்டீஸே வந்துடுச்சுன்னா "நான்தான் வித்துட்டேனே"ன்னு தூக்கி போடாதீங்க, போகலன்னா எக்ஸ்பார்ட்டி ஆயிடும், அதாவது உங்கள கேக்காமலே தீர்ப்பு குடுத்துடுவாங்க. வக்கீல வச்சு கவுன்டர் (உங்க பதில்) போட்டு, வாங்கினவரையும் அந்த தேதில பாலிசி இருந்தா இன்சூரன்ஸ் கம்பெனியையும் கேஸ்ல சேக்க சொல்லுங்க.