கேட்டலினா கிட் ஒட்டப் போறீங்களா? கடலூர் உப்புக்காத்துல நான் பட்டது

தண்ணியிலயே எறங்கி தண்ணியிலேர்ந்தே கெளம்புற விமானம்தான் ஃப்ளையிங் போட், அடிவயிறு அப்படியே படகு மாதிரி இருக்கும். ரெண்டாம் உலகப்போர்ல இதுல பேர் போனது கேட்டலினா. பார்ட் பார்ட்டா வர்ற பிளாஸ்டிக்க ஒட்டி பொம்மை விமானம் செய்யிற கிட்ல நான் இத எடுத்ததுக்கு காரணம் நம்ம புழல் ஏரி, செங்குன்றம் பக்கம் இருக்கே அதேதான். பிரிட்டிஷ் விமானப்படையோட 240வது ஸ்குவாட்ரன் அங்கேர்ந்துதான் கேட்டலினாவ வங்காள விரிகுடா மேல ரோந்து ஓட்டுச்சு.

மொதல்ல ஷெல்ஃப அளந்து பாருங்க. நெஜ விமானத்தோட ரெக்கை 104 அடி, 1/72 ஸ்கேல்ல, அதாவது நெஜத்துல 72ல ஒரு பங்கா, கிட்டத்தட்ட 44 சென்டிமீட்டர் வரும், எங்க வீட்டு டிவி ஸ்டாண்டுல நிக்காம கடைசில பீரோ மேல போச்சு.

பார்ட்ஸ பிரேமோட சோப்புத் தண்ணில பழைய டூத் பிரஷ்ஷால கழுவி காய வைங்க, அச்சுலேர்ந்து ஒட்டின எண்ணெய் இருந்தா பெயிண்ட் பிடிக்காது. அப்புறம் சக்கரம் வச்ச வகையா, வெறும் படகு வகையான்னு பாருங்க. சக்கரம் வச்சதுன்னா மூக்குல வெயிட் போடலன்னா வால்ல உக்காந்துரும். கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) துறைமுகம் பக்கம் வலை சாமான் விக்கிற கடைல தூண்டிலுக்கு போடுற ஈயக்குண்டு கிடைக்கும், அதுதான் பெஸ்ட். உடம்ப ஒட்டாம டேப் போட்டு சேத்து, ரெக்கைய மேல வச்சு, பெரிய சக்கரம் இருக்கிற எடத்துல ஸ்கேல் ஓரத்துல நிறுத்தி, மூக்கு கீழ சாயிற வரைக்கும் ஒவ்வொரு குண்டா போட்டுப் பாத்துட்டு அப்புறம் ஒட்டுங்க.

உள்ள சீட்டு, சுவர் எல்லாத்துக்கும் ரொம்ப மெனக்கெடாதீங்க, ஒட்டினதுக்கப்புறம் பாதி தெரியாது. நேரத்த எல்லாம் ரெண்டு பாதி சேர்ற கோட்டுக்கு வச்சுக்கோங்க. தண்ணி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் சிமெண்ட்ட (இந்த கிட்டுக்குன்னே விக்கிற பசை) பிரஷ்ஷால தொட்டு வச்சா அதுவா கோட்டுக்குள்ள ஓடிரும், ஒரே மூச்சா ஒட்டாம மூக்குலேர்ந்து வால் வரைக்கும் ரெண்டு ரெண்டு இஞ்ச்சா போங்க. மறுநாள் இடுக்க அடைக்க புட்டி, அப்புறம் 400, 600, 1000ன்னு வாட்டர் பேப்பர். கண்ண நம்பாதீங்க, நகத்த வச்சு இழுத்துப் பாருங்க, தட்டுச்சுன்னா இன்னும் தேய்க்கணும்.

பின்னாடி ரெண்டு பக்கமும் முட்டை மாதிரி கண்ணாடி இருக்குல்ல, கேட்டலினாவோட அழகே அதுதான். அதுக்கு சூப்பர் க்ளூ போட்டீங்கன்னா புகை படிஞ்சு வெள்ளையாயிரும், எனக்கு ஒண்ணு அப்படியே போச்சு, பெவிகால் போதும்.

ரெக்கை உடம்பு மேல ஒரு கழுத்து மாதிரி தூணுல நிக்கும், பக்கத்துக்கு ரெண்டு முட்டுக்கம்பி. ரெண்டு முனையும் தரைலேர்ந்து ஒரே உயரமான்னு ஸ்கேல் வச்சு பாத்துட்டு, ரெண்டு பக்கமும் புக்க அடுக்கி முட்டுக்குடுத்து ராத்திரி முழுக்க விட்டுருங்க. காயட்டும்னு மொட்டமாடி வெயில்ல மட்டும் வச்சிராதீங்க, நான் மே மாசம் வச்சேன், மத்தியானம் போய் பாத்தா வெத்தல மாதிரி வளைஞ்சு கெடந்துச்சு, புது கிட்டே வாங்க வேண்டியதாப் போச்சு.

பெயிண்ட்டுக்கு ஐப்பசி, கார்த்திகைய விட்டுருங்க. ஈரக்காத்துல லாக்கர் பெயிண்ட் அடிச்சா பால் ஊத்தின மாதிரி வெளுக்கும், பெயிண்ட் ஸ்ப்ரே பண்ற கம்ப்ரெசர் ட்யூப்ல தண்ணி கோத்து நடுவுல துப்பும். தை, மாசில மழை இல்லாத நாளா பாத்து பத்து மணிக்கு மேல அடிச்சா நல்லா வரும்.

இந்தப் பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானத்துல இருக்கிற அடையாள வட்டத்துக்கு நடுவுல செவப்ப எடுத்துட்டாங்க, ஜப்பான்காரன் அடையாளமே செவப்பு வட்டம்ங்கிறதால சொந்த ஆளே சுட்டுருவான்னு பயம். அதனால வெளிர் நீலமும் கரு நீலமும் உள்ள டீகால்தான் (தண்ணில ஊற வச்சு ஒட்டுற ஸ்டிக்கர்) வேணும். பளபளப்பா இருக்கிற க்ளாஸ் (gloss) கோட் அடிச்ச அப்புறம்தான் ஒட்டணும், இல்லன்னா அடில காத்து நின்னு பளபளன்னு தெரியும். ஊற வைக்க எங்க ஏரியா போர் தண்ணி ஆகவே ஆகாது, காஞ்சதும் உப்பு வெள்ளையா பூத்துரும், பேட்டரிக்கு ஊத்துற தண்ணிய வாங்கிக்கோங்க.

தண்ணில நிக்கிற மாதிரி பேஸ் (விமானத்த வைக்கிற அடித்தளம்) செஞ்சா ரெக்கை முனைல இருக்கிற மிதவைய கீழ எறக்கி ஒட்டுங்க, பறக்கும்போதுதான் அது மடங்கி ரெக்கையோட முனையா மாறிரும். அப்புறம், நான் எங்க கடலூர் சில்வர் பீச்ச மனசுல வச்சு நுரையும் அலையுமா ஒரு பேஸ் செஞ்சு முடிச்சுட்டேன். எங்க மாமா பாத்துட்டு "டேய், புழல்ல ஏதுடா அலை?"ன்னாரு. சுரண்டிட்டு இப்ப பச்சைத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன்.